மனைக் கணினி: புதுக்குவதோ, மாற்றுவதோ?

தையற்பொறி ஒன்று நாற்பதாண்டு உழைத்தும் தன் தொழிலிற் பிறழாதிருத்தலை நம் இல்லங்களிற் காண்கின்றோம். கணினியோ உறுப்பொன்றும் கெடாதிருக்கவே முதியதாகிவிடுகின்றது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளன்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் விண்டோஸ் 10 என்னும் இயக்கு நிரலைப் பேணுதலை நிறுத்தினர். அதுமுதல், பழைய கணினியை வைத்துக்கொள்வதா விடுவதா என்னும் வினா பல இல்லங்களில் எழுந்தது. யாம் அருகிருந்து கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மயிலாப்பூரில் வாழும் எம் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் இல்லத்துக் கணினி 2014-இல் வாங்கியது. இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலியும், 4 ஜி.பி. நினைவகமும், 500 ஜி.பி. வன்தட்டும் உடையது. பொத்தானை அழுத்திவிட்டுக் காபி கலந்து வந்தாலும் திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். வெளியூரிலிருக்கும் மகனார் புதியதொன்று வாங்கித் தருவதாகக் கூறினார். ஆசிரியர் உடன்படவில்லை. "இருபதாண்டாக எழுதியதெல்லாம் இதற்குள்தானே இருக்கிறது, ஐயா! இதை எப்படி விடுவது?" என்று எம்மிடம் வருந்தினார்.

முதலில் யாமே பிழைத்தோம். நினைவகம் குறைவு போலும் என்று துணிந்து, அவரை அண்ணா சாலைக்கு அருகிலுள்ள ரிச்சி தெருவுக்கு அழைத்துச் சென்றோம். அவர் கணினி டி.டி.ஆர். 3 வகை நினைவகத்தையே ஏற்கும், டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்னும் பின்னை வகைகள் அதன் பள்ளத்தில் பொருந்தா. ஆதலின் அலைந்து திரிந்து பழைய வகையில் ஒன்று வாங்கிப் பொருத்தினோம். பயன் சிறிதும் இல்லை! அதன் பின்னரே, முதலிற் செய்யவேண்டியதைச் செய்தோம். 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பகுதியைத் திறந்து பார்த்தோம். நினைவகத்தில் இடம் மிகுந்திருந்தது. வன்தட்டோ நூற்றுக்கு நூறு என்னும் அளவில் திணறிக்கொண்டிருந்தது.

இதன் காரணத்தைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். வன்தட்டு என்பது நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு; அதன்மேல் ஊசி போன்ற ஓர் உறுப்பு அங்குமிங்கும் நகர்ந்து எழுத்தைப் படிக்கின்றது. தட்டு ஒரு முறை சுழல 8 மில்லி நொடிக்குச் சிறிது மிகுதியாகும். வேண்டிய இடம் ஊசியின்கீழ் வந்து சேரச் சராசரியாக அதிற் பாதி. ஊசி நகரும் காலத்தையும் கூட்டின் ஏறக்குறைய 12 மில்லி நொடியாம். ஆகவே, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூற்றுக்குக் குறைவாகவே அஃது எடுத்துத் தரவல்லது. இயக்கு நிரல் விழித்தெழும்போது கேட்பனவோ ஆயிரக்கணக்கானவை. பெரியதொரு நூல் நிலையத்தில் ஒரே ஏவலர் ஏணியில் ஏறி இறங்கி ஆயிரம் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து வருதலை ஒக்கும் இது. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மச் சேமிப்பகத்தில் சுழல்வதும் நகர்வதும் இல்லை. ஒரு கோப்பை அடைய மில்லி நொடியிற் பத்தில் ஒரு பங்கே போதும். பழைய தட்டிலுள்ளவற்றை அவ்வாறே அதற்குப் பெயர்த்து வைத்தோம். மறுநாள் ஆசிரியர் காபி கலக்க எழுமுன்னரே திரை தெளிந்தது.

இவ்வாறு செலவிடுமுன் பெட்டியைத் திறந்து பார்த்தல் நன்று. தாய்ப்பலகையிலுள்ள சிறு குழல் போன்ற மின்தேக்கிகள் தலை புடைத்திருப்பினும், கடற்காற்றால் பலகையில் பச்சைக் களிம்பு படர்ந்திருப்பினும், அக்கணினிக்கு ஒரு காசும் செலவிடற்க. நாளும் நேரமும் பிறழக் காட்டுவது மட்டுமே குறையாயின், சி.ஆர். 2032 என்னும் காசளவு மின்கலத்தை மாற்றினால் தீரும். அதன்பொருட்டே கணினியை விலக்கினாரையும் யாம் அறிவோம்.

நிற்க. விரைவு மீண்டமையால் வினா முடிந்துவிடவில்லை. விண்டோஸ் 11 இன்டெல் செயலிகளுள் எட்டாம் தலைமுறை முதலாயவற்றையும், டி.பி.எம். 2.0 என்னும் காப்புறுப்பையுமே ஏற்குமென்பது மைக்ரோசாப்ட் வகுத்த விதி. நான்காம் தலைமுறைக்கு அக்கதவு அடைபட்டது. விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வழங்கும் ஏற்பாடொன்றும் அறிவிக்கப்பட்டது. அஃது ஓராண்டுத் தவணையேயாம். லினக்ஸ் வழியை நாடுவோர்க்கு, நம் நகரத்துச் சி-டாக் நிலையத்தார் ஆக்கிய பாஸ் என்பதும், உபுண்டு முதலியனவும் உள. எழுபது வயதினர் பழகிய பலகையை மாற்றிக்கொள்ள வேண்டுமென்று வற்புறுத்த எமக்கு மனம் வரவில்லை. ஆதலின், எழுதுதற்கு மட்டும் அக்கணினி, இணையத்தொடர்பு அதற்கு வேண்டா, வங்கி அலுவல் கைப்பேசியில் என்று முடிவாயிற்று.

பொறியியல் பயிலத் தொடங்கிய பெயர்த்திக்கு இஃது உதவாதன்றோ? அவள் வரைகலை நிரல்களுக்கு எம் புதுக்கல் ஈடுகொடாது. அவளுக்கெனப் புதியதே வாங்கினர். 2025-இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருவாரியாகக் கொள்ளத் தொடங்கியமையால், அவற்றின் விலை உலகெங்கும் ஏறியிருந்தது. மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருத்தலின், பின்னர்க் கூட்டிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் பலிக்காது; அதனால் விலை கருதாது 16 ஜி.பி. உடையதையே கொள்ளச் சொன்னோம்.

எஞ்சியது ஆசிரியரின் எழுத்து. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை இல்லங்களிற் புகுந்த நீர் கணினியென்றும் கட்டிலென்றும் பார்க்கவில்லை. ஆகவே படி ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டுமென்றோம். கோப்புகளைப் பெயர்த்தியின் கணினிக்குப் படியெடுத்துத் திறந்தபோது, தமிழுக்கு மாறாகப் பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளுமே தோன்றின! ஆசிரியர் முகம் வாடிற்று. கோப்பு கெடவில்லை. அவை யூனிகோடு பரவுதற்கு முன்னர் வழங்கிய எழுத்துருவில் அடித்தவை. அவ்வெழுத்துரு புதிய கணினியில் இல்லை. பழைய கணினியினின்றும் அதனையும் எடுத்துச் சேர்த்தபின் தமிழ் தெரிந்தது. பழையதை அன்றே விற்றிருந்தால் அவ்வெழுத்துருவைத் தேடி எங்கே போயிருப்போம்? இப்பொழுது பெயர்த்தி மாலைதோறும் பத்துப் பக்கம் யூனிகோடுக்கு மாற்றுகிறாள். மாறும்போது பிறழும் கொம்பையும் காலையும் ஆசிரியர் அருகமர்ந்து திருத்துகிறார். இன்னும் நானூறு பக்கம் உள.