ட்ரோன் இயக்கும் செய்தியாளருக்கு

ட்ரோன் இயக்கத் தெரிந்த செய்தியாளருக்கு இன்று வேலை இருக்கிறது. ஆனால் பறக்கவிடத் தெரிந்தால் மட்டும் போதாது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளில் பத்திரிகையாளர்களுக்கென்று தனிச் சலுகை கிடையாது. பிரஸ் அட்டை தரையோடு சரி.

முதலில் சான்றிதழ். 250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோனுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம். 2 கிலோ வரையுள்ள மைக்ரோவுக்கும் வேண்டாம், தொழிலுக்குப் பயன்படுத்தாதவரை. சம்பளத்துக்குப் படம் எடுப்பவர் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) அங்கீகரித்த நிலையத்தில் பயின்று சான்றிதழ் வாங்கிவிடுவதே நல்லது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் இருந்தால் சேரலாம். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும்.

அடுத்து இடம். கிளம்புமுன் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். நேற்றுப் பறந்த இடம்தானே என்று அசட்டையாகப் போகாதீர்கள். மாநில அரசோ காவல் துறையோ ஓரிடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இவையெல்லாம் வானத்துக்கான விதிகள். கீழே இருக்கும் மனிதர்களைப் பற்றி இவை அநேகமாகப் பேசுவதில்லை. என் கவலை அங்கேதான்.

ஆடிப்பெருக்கன்று திருச்சி அம்மா மண்டபம் படித்துறையை எண்ணிப் பாருங்கள். உயரத்திலிருந்து பார்த்தால் காவிரியும் கூட்டமும் கண்கொள்ளாக் காட்சி. ட்ரோனை 50 அடிக்கு இறக்கினால், இரண்டு பேர் துண்டைப் பிடித்து மறைக்க, நடுவே ஈரப் புடவையை மாற்றும் பெண் தெரிவாள். அந்த மறைப்புக்கு மேற்கூரை கிடையாது. பொது இடம்தானே என்ற வாதமும் செல்லாது. ஒருவரின் அந்தரங்க உறுப்பைச் சம்மதமின்றிப் படம் பிடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. பொது இடமா, தனி இடமா என்று அது பார்ப்பதில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமும் 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

படித்துறை, மொட்டை மாடி, நிவாரண முகாம், இழவு வீடு என்றால் உயரத்திலேயே நிறுத்துங்கள். இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் நடந்துபோய் அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். தப்பித்தவறி யாருடைய அந்தரங்கமாவது பதிவாகியிருந்தால், அலுவலகத்துக்கு அனுப்புமுன்பே மெமரி கார்டிலிருந்து அழித்துவிடுங்கள். டெஸ்க்கில் யார் கேட்டாலும் அதைக் கொடுக்காதீர்கள்.