நிறம் பிரித்து அறியாத கண்கள்

செடியில் பச்சை மிளகாயும் தொங்குகிறது. பழுத்த சிவப்பு மிளகாயும் தொங்குகிறது. ஒருவர் பழத்தை மட்டும் பறிக்கிறார். இன்னொருவர் காயையும் சேர்த்துப் பறித்து விடுகிறார். "உனக்குக் கண் தெரியவில்லையா?" என்று மற்றவர்கள் கேலி செய்கிறார்கள்.

அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆனால் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்று போலத் தெரிகின்றன. இதற்கு நிறக்குருடு என்று பெயர்.

ஆண்களுக்கு ஏன் அதிகம்?

இந்தக் குறை பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். ஐரோப்பிய மக்களில் 100 ஆண்களுக்குச் சுமார் 8 பேருக்கு இது உண்டு. பெண்களிலோ 200 பேருக்குச் சுமார் ஒருவருக்குத்தான் உண்டு. நம் நாட்டிலும் ஆண்களிடமே அதிகம்.

பெற்றோரின் உடல் கூறுகள் குரோமோசோம் என்னும் மிக நுண்ணிய இழைகள் வழியாகப் பிள்ளைக்கு வருகின்றன. சிவப்பு, பச்சை நிறங்களை அறியும் திறன் 'எக்ஸ்' என்ற இழையில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இழை இரண்டு. ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது ஈடு செய்யும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் குறை இருந்தால் ஈடு செய்ய வேறு இல்லை.

மகனுக்கு எக்ஸ் இழை தாயிடமிருந்து வருகிறது. அதற்காகத் தாயைப் பழிக்கலாமா? கூடாது. அவருக்கும் அது தம் பெற்றோரிடமிருந்தே வந்தது. யாரும் தெரிந்து கொடுப்பதில்லை.

நாம் என்ன செய்யலாம்?

பிள்ளை நிறத்தை மாற்றிச் சொன்னால் அடிக்காதீர்கள். கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்துள்ள எண்ணைப் படிக்கச் சொல்வார். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட சோதனை இது. வலி இல்லை.

பிறவியிலேயே வந்த இக்குறையைக் குணமாக்கும் மருந்து இல்லை. "குணமாக்குகிறேன்" என்பவரிடம் பணத்தை இழக்காதீர்கள். வளர்ந்த பிறகு திடீரென நிறம் மங்கினால் அது வேறு நோய். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ரயில் ஓட்டுநர் வேலைக்கு நிறம் அறியும் சோதனை உண்டு. முன்பே தெரிந்தால் பிள்ளை வேறு வேலைக்குத் தயாராகலாம். சாலை வாகனம் ஓட்டும் உரிமத்துக்கான விதியை 2020இல் மத்திய அரசு தளர்த்தியது. குறை லேசாகவோ நடுத்தரமாகவோ உள்ளவர்கள் உரிமம் பெறலாம். சாலை விளக்கில் மேலே சிவப்பு, கீழே பச்சை. இடத்தை வைத்தே அறியலாம்.

மாத்திரையை நிறம் பார்த்து எடுக்காதீர்கள். பெயரைப் படித்து எடுங்கள். எழுத்து தெரிந்தவருக்கு எழுத்தே துணை.

பயிற்சி

1. நிறக்குருடு ஆண்களுக்கு ஏன் அதிகம்?
2. தாயைக் குறை சொல்வது ஏன் தவறு?
3. உங்கள் வீட்டில் நிறத்தை வைத்து அடையாளம் காணும் 3 பொருள்களை எழுதுங்கள்.