3டி பிரிண்டரில் லீனியர் பேரிங் பொருத்துவது எப்படி?

3டி பிரிண்டரை உதிரி பாகங்களாக, அதாவது கிட்டாக வாங்கி, வீட்டிலேயே பூட்டுபவர்கள் பலர். எல்லாம் சரியாக இயங்கும். திடீரென்று ஒரு நாள், அச்சிட்ட பொம்மையின் மேல் பாதி மட்டும் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும். உடனே ஸ்லைசர் மென்பொருளைத் திறந்து செட்டிங்குகளை மாற்ற ஆரம்பிப்பார்கள். மென்பொருள் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: மென்பொருளைத் தொடும் முன் பேரிங்கைப் பாருங்கள். அது சிக்கி நின்றால், எந்த செட்டிங்கும் உதவாது.

லீனியர் பேரிங் என்றால் என்ன?

சைக்கிள் சக்கரத்தில் உள்ள பால்ரஸ் குண்டுகள் சுழல உதவுகின்றன. லீனியர் பேரிங்கில் உள்ள குண்டுகளோ நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட உதவுகின்றன. 2012ல் ஜோசப் புரூசா வெளியிட்ட ஐ3 வடிவமைப்பிலும், அதைப் பின்பற்றி வந்த பல பிரிண்டர்களிலும் எல்எம்8யுயு என்ற பேரிங் இருக்கும். இதன் உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 15 மி.மீ., நீளம் 24 மி.மீ. உங்கள் பிரிண்டர் சிறு சக்கரங்களிலோ, சதுரத் தண்டவாளத்திலோ ஓடினால் அதற்கு இந்தப் பாடம் பொருந்தாது.

முதலில் ஷாஃப்டைச் சோதியுங்கள்

ஷாஃப்டைக் கண்ணாடி மேஜை மீது உருட்டுங்கள். அடியில் இடைவெளி தெரிந்தாலோ, குதித்து உருண்டாலோ அது வளைந்துள்ளது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டீல் கம்பியை வெட்டிப் போடாதீர்கள். அது மென்மையானது, குண்டுகள் அதில் கோடு போட்டு விடும். கடினப்படுத்திய ஷாஃப்டையே கேட்டு வாங்குங்கள். முனைகளில் பிசிறு இருந்தால் நீர்த்தாளால் தேய்த்துத் துடைத்து விடுங்கள்.

பேரிங்கை நுழைப்பது

1. புதிய பேரிங்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் மட்டுமே இருக்கலாம். அதைத் துடைத்துவிட்டு, குண்டு வரிசைகளில் படும்படி சிறிது லித்தியம் கிரீஸ் தடவுங்கள்.

2. பேரிங்கை ஷாஃப்டுக்கு நேராகப் பிடித்து மெதுவாகத் தள்ளுங்கள். சாய்த்து நுழைத்தால் குண்டுகள் உதிர்ந்து விடும்.

3. போகவில்லை என்றால் சுத்தியலால் தட்டாதீர்கள். வெளியே எடுத்து, முனையைத் துடைத்து மீண்டும் முயலுங்கள்.

4. எல்எம்8யுயுவில் 4 குண்டு வரிசைகள் உள்ளன. வாய் வழியாகப் பார்த்தால் தெரியும். எடை ஒரே வரிசையில் விழாமல் இரண்டு வரிசைகளுக்கு நடுவே விழும்படி திருப்பி வையுங்கள். அப்போது பேரிங் சுமார் 1.4 மடங்கு எடை தாங்கும்.

5. கேபிள் டையை அளவோடு இறுக்குங்கள். பேரிங் ஆடக்கூடாது; நசுங்கவும் கூடாது.

இரண்டு ஷாஃப்டுகளும் இணையாக இருக்க வேண்டும்

சிக்கலுக்கு முக்கியக் காரணம் இதுதான். ஒரு ஷாஃப்டை மட்டும் முழுவதுமாக முடுக்குங்கள். இரண்டாவதைத் தளர்வாக விடுங்கள். பிரிண்டர் தட்டை ஒரு கோடிக்குத் தள்ளி, அந்தப் பக்கத்து ஸ்குரூவை முடுக்குங்கள். பிறகு மறு கோடிக்குத் தள்ளி, அங்குள்ளதை முடுக்குங்கள். இப்போது இரண்டாவது ஷாஃப்ட் தனக்கான இடத்தைத் தானே தேடிக் கொள்ளும். பல ஐ3 மாடல்களில் தட்டின் அடியில் ஒரு பக்கம் இரண்டு பேரிங், மறுபக்கம் ஒன்று மட்டும் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு உள்ள பக்கம் திசையைப் பிடித்துக் கொள்கிறது. ஒன்று உள்ள பக்கம் சிறு வேறுபாட்டைப் பொறுத்துக் கொள்கிறது.

கடைசிச் சோதனை

பெல்ட்டை மாட்டும் முன் தட்டை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். இரு கோடிகளுக்கும் ஒரே சீராக ஓட வேண்டும். நடுவில் எங்காவது நின்றால், அந்த இடத்தில்தான் பிறகு மோட்டாரும் தடுமாறும், பொம்மையும் நகரும். பெல்ட் மாட்டிய பிறகு சோதிப்பதானால், பவரை அணைத்துவிட்டு மெதுவாகத் தள்ளுங்கள். வேகமாகத் தள்ளினால் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி போர்டுக்குள் அனுப்பும்.

விரல் தள்ளும்போது சீராக ஓடினால், அதன் பிறகு ஸ்லைசரைத் திறக்கலாம்.