கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தது என்ன?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் துறை)



ஒரு படம் முடிந்து விளக்கைப் போட்டதும் நாம் என்ன செய்கிறோம்? வாசலுக்கு வருவதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். "சூப்பர்", "அறுவை", "செம பிளேடுடா". ஒரு டைரக்டர் ராப்பகலாய் உழைத்தது ஒரே வார்த்தையில் காலி! அந்தத் தீர்ப்புக்கு எப்படி வந்தோம்? கண்ணால் பார்த்ததை வைத்தா, பக்கத்து சீட்காரன் சொன்னதை வைத்தா, போஸ்டரைப் பார்த்து முன்கூட்டியே நினைத்துக்கொண்டதை வைத்தா? இந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொள்வதே இல்லை.

இதைப் பற்றி யோசிக்க வைத்தது ஒரு பழைய இத்தாலியப் படம். 1970-ல் வெளிவந்த 'தி பேர்ட் வித் தி கிறிஸ்டல் ப்ளூமேஜ்'. பளிங்குச் சிறகுப் பறவை என்று சொல்லலாம். டாரியோ அர்ஜெண்டோ இயக்கிய முதல் படம். கொலை, மர்மம், யார் கொலையாளி என்ற வழக்கமான சங்கதிதான். ஆனால் இந்தப் படத்தைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதைக் கேட்டபோது, படத்துக்குள் இருக்கும் பாடமும் இந்தப் பேச்சுக்குள் இருக்கும் பாடமும் ஒன்றே என்று தோன்றியது. அதைத்தான் எழுதுகிறேன்.

ஓர் எச்சரிக்கை: முடிவைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நடத்த முடியாது. படத்தைப் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது!

மஞ்சள் அட்டையின் கதை

இத்தாலியில் கொலை மர்மக் கதைகளை 'ஜாலோ' என்கிறார்கள். ஜாலோ என்றால் மஞ்சள். மோந்ததோரி என்ற பதிப்பகம் 1929-ல் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டை போட்டு வெளியிட ஆரம்பித்தது. அட்டையின் நிறமே அந்த வகைக் கதைக்குப் பெயராகிவிட்டது. சினிமாவில் இந்த வகைக்கு அடித்தளம் போட்டவர் மரியோ பாவா. 1963, 1964-ம் ஆண்டுகளிலேயே இப்படிப்பட்ட படங்களை எடுத்தார். ஆனால் நாடு முழுக்க இதை ஓர் அலையாக மாற்றியது 1970-ல் வந்த அர்ஜெண்டோவின் படம்தான்.

அர்ஜெண்டோ அதற்கு முன் ரோம் நகரில் ஒரு பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதியவர். அதாவது, தீர்ப்பு சொல்லும் வேலையில் இருந்தவர்! செர்ஜியோ லியோனேயின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) படத்தின் கதையில் பெர்னார்டோ பெர்டோலுச்சியோடு இவருக்கும் பங்கு உண்டு. முதல் படத்தைத் தயாரித்தவர் இவருடைய அப்பா சால்வதோரே அர்ஜெண்டோ. ஒளிப்பதிவு விட்டோரியோ ஸ்டொராரோ. பின்னாளில் மூன்று ஆஸ்கர் வாங்கியவர். இசை என்னியோ மோரிக்கோனே. இளம் டைரக்டருக்கு இதைவிட நல்ல கூட்டணி அமையுமா?

ஆனாலும் படம் பாதியில் நின்றுபோகப் பார்த்தது. எடுத்த வரைக்கும் போட்டுப் பார்த்த விநியோகஸ்தருக்குத் திருப்தி இல்லை, வேறு டைரக்டரைப் போடலாம் என்றார். பேசிப் பார்க்கலாம் என்று அப்பா அவருடைய ஆபீசுக்குப் போனாராம். அங்கே செக்ரட்டரி முகம் வெளுத்து உட்கார்ந்திருக்கிறார். "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால், "உங்க மகன் எடுத்த படத்தைப் பார்த்தேன், பயம் இன்னும் போகலை" என்கிற மாதிரி பதில். "அதை அப்படியே உங்க முதலாளியிடம் சொல்லுங்கம்மா" என்று அப்பா கேட்டுக்கொள்ள, மகனின் நாற்காலி தப்பியது. அர்ஜெண்டோவே பேட்டிகளில் சொல்லியிருக்கும் கதை இது. முதலாளி பார்த்ததும் அதே காட்சிகள், செக்ரட்டரி பார்த்ததும் அதே காட்சிகள். ஆனால் கருத்து இரண்டு!

கதைச் சுருக்கம்

சாம் டால்மாஸ் ரோமில் தங்கியிருக்கும் அமெரிக்க எழுத்தாளன். ஊர் திரும்ப இருக்கிறான். ஒரு ராத்திரி தனியாக நடந்துவருகிறான். எதிரே ஓர் ஓவியக்கூடம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே பளீரென்று வெளிச்சம். அங்கே கறுப்பு உடையில் ஓர் உருவமும், வெள்ளை உடையில் ஒரு பெண்ணும் கட்டிப் புரண்டு போராடுகிறார்கள். இவன் ஓடிவருவதற்குள் கறுப்பு உருவம் மறைந்துவிட, பெண் வயிற்றில் ரத்தத்தோடு விழுகிறாள். சாம் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறான். உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. கத்தினாலும் சத்தம் வெளியே கேட்காது. பார்க்க மட்டுமே முடியும்.

நண்பர்களே, சினிமா பார்க்கிற நம்முடைய நிலைமையும் இதுதானே? நமக்கும் திரைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. எல்லாம் தெரிகிறது, எதையும் தொட முடியாது.

ஏற்கெனவே மூன்று பெண்கள் கொலையான நகரம் அது. இன்ஸ்பெக்டர் மொரோசினி சாமின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார். சாமை அதைவிட வாட்டுவது வேறொன்று. "நான் பார்த்ததில் ஏதோ ஒன்று சரியில்லை. அது என்ன?" அந்தக் காட்சி அவன் மனதில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. நமக்கும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். நமக்கும் பிடிபடுவதில்லை.

பார்த்தவர்கள் சொன்னவை

ஹாஸ்டல் ரூமில் லேப்டாப்பில் பார்த்தவர்கள், வகுப்பில் பென் டிரைவில் வாங்கிப் போய்ப் பார்த்தவர்கள் என்று பலரிடம் கேட்டேன். கருத்துகளை நான்கு கட்டாகப் பிரிக்கலாம்.

1. "கண்ணுக்கு விருந்து, லாஜிக் பூஜ்யம்." போனில் மிரட்டும் கொலையாளியின் பின்னணியில் ஒரு விநோதச் சத்தம் பதிவாகிறது. அது அபூர்வமான ஒரு பறவையின் குரல் என்று சாமின் நண்பன் கண்டுபிடிக்கிறான். அந்தப் பறவை இருக்கும் மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்து வீட்டில்தான் விடை. படத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். குளிர் நாட்டுப் பறவை என்று வசனம் வருகிறது. திரையில் நிற்பதோ ஆப்பிரிக்கக் கொண்டைக் கொக்கு! இந்தக் கட்சிக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

2. "சொந்தக் கதை இல்லை." இதுவும் உண்மை. ஃபிரெட்ரிக் பிரவுன் என்ற அமெரிக்கர் 1949-ல் எழுதிய 'தி ஸ்க்ரீமிங் மிமி' நாவல்தான் அடிப்படை. டைட்டிலில் அவர் பெயர் கிடையாது. அதே நாவலை ஹாலிவுட் 1958-லேயே படமாக எடுத்திருக்கிறது. கடன் வாங்கினால் பெயரைச் சொல்லவேண்டாமா? பாராட்டுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

3. "பெண்களைக் கொல்வதை இவ்வளவு அழகாகக் காட்டணுமா?" எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டது. கறுப்புக் கையுறை, கத்தி, பயத்தில் நடுங்கும் பெண் என்று கேமரா கொலையாளியின் கண்ணாகவே மாறிவிடுகிறது. பின்னால் மோரிக்கோனேயின் இசையில் தாலாட்டு மாதிரி ஒரு பெண் குரல். பயத்தைக் கூட்டும் உத்திதான். ஆனால் யாருடைய கண்ணால் பார்க்க வைக்கிறார்கள் என்று அவள் கேட்டது சரியான கேள்வி. இந்த வகைப் படங்கள் அத்தனை மேலும் அந்தக் கேள்வி இன்றுவரை நிற்கிறது.

4. "பயமா இருந்தது, அது போதும்." அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான். நல்ல திகில் படம், ஆனால் ஹிட்ச்காக் அளவுக்கு நுட்பமில்லை என்ற ரீதியில் எழுதினார்.

எங்கள் துறைக்காரர்களுக்கு இன்னொன்றும் பிடித்திருந்தது. இரண்டு மிரட்டல் அழைப்புகளின் குரலையும் போலீஸ் லேபில் அலைவடிவமாக்கி ஒப்பிடுகிறார்கள். காதுக்கு ஒரே ஆள் போலத் தோன்றியது, அலைவடிவத்தில் இரண்டு வேறு ஆட்கள்!

முடிச்சு

கறுப்பு உடை மனிதன் அந்தப் பெண்ணின் கணவன். அவன் தாக்கவில்லை, தடுத்துக்கொண்டிருந்தான். கத்தி இருந்தது வெள்ளை உடைப் பெண்ணின் கையில். கொலையாளி அவள்தான். பல வருஷம் முன்பு ஒருவனால் தாக்கப்பட்டவள். அந்தச் சம்பவத்தை வரைந்த ஓர் ஓவியம் கண்ணில் பட, உள்ளே ஏதோ உடைந்து, தாக்கியவனின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டாள். கடைசியில் டி.வி.யில் ஒரு டாக்டர் வந்து இதை விளக்குவது கொஞ்சம் லெக்சர் மாதிரிதான் இருக்கிறது. அதைக் குறையென்று சொன்னவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஆனால் முக்கிய விஷயம் இதுதான். சாம் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணில் கோளாறு இல்லை. கறுப்பு உடை என்றால் வில்லன், வெள்ளை உடை என்றால் அப்பாவி, ஆண் என்றால் அடிப்பவன், பெண் என்றால் அடிபடுபவள் என்று அவன் மனசு முன்கூட்டியே ஒரு படிவத்தை நிரப்பி வைத்திருந்தது. கண் பார்த்ததை மனசு அந்தப் படிவத்துக்குள் திணித்துவிட்டது. அந்த ஒரு திணிப்பால் போலீஸ் தவறான ஆளைத் தேட, நடுவில் மேலும் உயிர்கள் போகின்றன.

சினிமாவுக்கு வெளியே

இதெல்லாம் கதையில்தான் நடக்கும் என்று நினைக்காதீர்கள். 1974-ல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். ஐம்பது பேரிடம் "கார்கள் நொறுங்க மோதியபோது வேகம் என்ன?" என்று கேட்டார்கள். வேறு ஐம்பது பேரிடம் "கார்கள் இடித்தபோது வேகம் என்ன?" என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும், "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று ஒரே கேள்வி. 'நொறுங்க' என்ற வார்த்தையைக் கேட்டவர்களில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். 'இடித்த' என்று கேட்டவர்களில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது!

கேள்வியில் ஒரு சொல் மாறினால் பார்த்த ஞாபகமே மாறுகிறது. அப்படியானால், "மச்சி, படம் செம பிளேடு" என்று கேட்டுவிட்டு உள்ளே போகிறவன் எந்தப் படத்தைப் பார்க்கிறான்? டைரக்டர் எடுத்த படத்தையா, நண்பன் சொன்ன படத்தையா?

நமக்கு என்ன பாடம்?

நாளைக்கு நாம் போய் நிற்கப்போவது மீட்டர் முன்னால், பாய்லர் கேஜ் முன்னால், சைட்டில் லெவல் கருவி முன்னால். இங்கே லேபில் என்ன நடக்கிறது என்று நமக்கே தெரியும். தியரியில் வரவேண்டிய விடையை முதலில் போட்டுவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி ரீடிங்கை ரெக்கார்டில் நிரப்புகிறவர்கள் உண்டு. மார்க் வந்துவிடும். ஆனால் அந்தப் பழக்கத்தோடு வேலைக்குப் போனால்? கேஜ் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல், எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்பதாகப் பார்க்கும் கண்ணால் ஓர் ஆளின் உயிரே போகலாம்.

ஆகவே, படத்தில் ஆரம்பித்துப் பழகுவோம். செலவில்லாத பயிற்சி.

ஒன்று: படம் முடிந்ததும், யாரிடமும் பேசுவதற்கு முன், பார்த்ததை ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள். நினைத்ததை அல்ல, பார்த்ததை.

இரண்டு: அடுத்த பத்தியில் நினைத்ததை எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போடுங்கள்.

மூன்று: மற்றவர் கருத்தைக் கேளுங்கள். "எந்தக் காட்சியை வைத்து அப்படிச் சொல்றே?" என்று கேளுங்கள். காட்சியைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளுங்கள். எங்கள் தோழி காட்டினாள். கேமரா நிற்கும் இடத்தைக் காட்டியே பேசினாள். அவள் கருத்துக்கு எடை வந்தது அதனால்தான்.

நான்கு: மனதை உறுத்தும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். "ஏதோ சரியில்லை" என்ற அந்த உறுத்தலை அலட்சியப்படுத்தாதீர்கள். சாம் டால்மாஸிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம் அதுதான். பார்த்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டான். ஆனால் உறுத்தலை விடவில்லை. கடைசியில் உண்மைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அந்த உறுத்தல்தான்.

அர்ஜெண்டோ ஐந்து வருஷம் கழித்து, 1975-ல், 'டீப் ரெட்' படத்திலும் இதே விளையாட்டை ஆடினார். அதில் முக்கியமான தடயத்தை ஆரம்பத்திலேயே நம் கண் முன்னால் வைத்துவிடுகிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பார்த்ததை எழுதுங்கள். பிறகு பேசுவோம்!