மாத நாட்களில் மலை வேலை

"அந்த நாளுக்கு லீவு உண்டாமே, நெசமா?" என்று தோட்டத்துத் தாய்மார் எங்களிடம் கேட்கிறார்கள். ஜப்பானில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. இந்தியாவில் பீகார் மாநிலம் 1992இல் அரசாங்க உத்தியோகப் பெண்களுக்கு மாதம் 2 நாள் கொடுத்தது. நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கென்று தனி லீவு இல்லை. வீட்டில் நின்றால் அன்றைய பேர் போய்விடும். நாட்சம்பளக்காரருக்குச் சம்பளமில்லாத லீவு என்ன லீவு?

ஆகவே மலையில் நிற்கும்போதே உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். துணியோ பேட்டோ, 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மழைநாளில் படங்குக்குள் ஈரம் நின்று தொடை உரசிப் புண்ணாகும். லயம் தூரமென்றால் பிள்ளைமடுவத்துக் கக்கூசுக்குப் போய்வரக் கேளுங்கள். கங்காணிமாரே, இதற்குக் கால்மணி நேரம் விடுங்கள். உங்கள் வீட்டிலும் பெண்பிள்ளைகள் உண்டுதானே.

துணியைச் சவுக்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். வெட்கப்பட்டுக் கட்டிலுக்கடியில் ஒளித்தால் ஈரம் போகாது. மேலே மெல்லிய சீலைத்துண்டைப் போர்த்திவிட்டால் யார் கண்ணிலும் படாது.

2 மணித்தியாலத்துக்குள் துணி நனைந்தாலோ, 7 நாளுக்கு மேல் போனாலோ, கட்டிகட்டியாய்ப் பட்டாலோ டிஸ்பென்சரியில் மிட்வைப் அம்மாவிடம் சொல்லுங்கள். இரத்தம் குறைந்தால் மலையேற மூச்சு வாங்கும், தலை சுற்றும். கீரை, பருப்பு, நெத்தலி சேருங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி வேண்டாம் (நாம் பறித்த கொழுந்துதான், ஆனாலும்!). அது சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. 1 மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். இரும்புக் குளிசையும் அப்படித்தான், பச்சைத் தண்ணியில் விழுங்குங்கள்.