வசனம் எடுத்துப் பார்ப்பதற்கு முன்

“துபாய் வேலைக்குப் போகட்டுமா, வயதான பெற்றோரோடு ஊரிலேயே இருந்துவிடட்டுமா? கடவுளின் சித்தம் எது?” இப்படிக் கேட்டு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து ஒரு வசனம் பார்த்திருப்பார்கள். அது பிடிக்காவிட்டால் இன்னொரு முறையும்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வேறு வழி காட்டினார். 1521-இல் பம்ப்ளோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து லொயோலாவில் படுத்துக் கிடந்தபோது, வீரசாகசக் கதைகள் கேட்டவருக்குக் கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் சரிதமும்தான். சீமாட்டி ஒருத்திக்காகச் சாகசம் புரியும் கனவும், புனிதர்களைப்போல் வாழும் கனவும் மாறி மாறி வந்தன. நினைக்கையில் இரண்டுமே இனித்தன. ஆனால் முன்னது கலைந்ததும் மனம் வறண்டது. பின்னது கலைந்த பிறகும் நிறைவு தங்கியது. இயேசு சபையார் இன்றும் கற்றுத்தரும் ‘தேர்ந்து தெளிதல்’ இந்த வித்தியாசத்தைக் கவனித்ததில் பிறந்தது.

நீங்களும் இதைச் செய்யலாம். சில நாள் துபாய்க்குப் போவதாகவே முடிவு செய்துவிட்டதுபோல் நடமாடுங்கள். பிறகு சில நாள், ஊரில் தங்குவதாக. இரவு ஆன்ம சோதனையின்போது அன்றைய மனநிலையை இரண்டு வரி எழுதிவையுங்கள். சம்பளத்தை நினைத்து வரும் துள்ளலை எழுத வேண்டாம், அது எல்லோருக்கும் வரும். துள்ளல் அடங்கியபின் மிஞ்சுவதை எழுதுங்கள். அப்படியும் தெளியவில்லையா? முன்பின் தெரியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் என்ன சொல்வீர்கள்? சாகும் தறுவாயில் எதைத் தேர்ந்திருந்தால் நல்லது என்று தோன்றும்? இரண்டும் ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலில் இஞ்ஞாசியாரே தரும் உத்திகள். நடைமுறையில் முதலாவது பெரும்பாலும் போதும்; ஊருக்கு உபதேசம் சொல்லும்போது நமக்குத் தெளிவு தானாக வந்துவிடுகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த முறை இரண்டு நல்லவற்றுக்கு இடையே தேர்வதற்கு மட்டுமே. கமிஷன் வாங்கலாமா என்று ஜெபம் பண்ணிக் கேட்பது கடவுளிடமே பேரம் பேசுவது. மற்றது, ஜெபமே கசக்கும் சோர்ந்த நாட்களில், நல்ல மனநிலையில் எடுத்த முடிவை மாற்றாதீர்கள். அந்த நாட்களில் ஜெபத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்கிறார் இஞ்ஞாசியார்; ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தால் அனுப்பாமல் வையுங்கள்.

முடிவு எடுத்ததும் அதை ஜெபத்தில் வைத்து உறுதி கேளுங்கள். வீட்டில் பெற்றோரிடம் பேசுவதும் அதே வாரத்தில் நடக்கட்டும். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.