சிறு கிராமப் பாடசாலை வட்டாரம்: அதன் நிர்வாகமும் வரவு செலவும்

பாடம்: ஸ்தல ஸ்தாபனங்கள். சங்கங்களின் வாசிப்புக் கூட்டத்திற்குரியது

கிராமத்துப் பாடசாலையை யார் நடத்துவது, அதற்கு வேண்டிய பணம் எங்கிருந்து வருவது, அப்பணத்திற்கு யார் கணக்குச் சொல்வது என்னும் மூன்று கேள்விகளும் எல்லாத் தேசங்களிலும் எழுவனவே. ஐக்கிய சங்கங்களை நடத்திப் பழகிய நமது அங்கத்தினர்கள், பிற நாட்டார் இவற்றிற்கு எவ்விதம் விடை கண்டுள்ளனர் என்பதை அறிவது பயனுடையதாகும். இப்பாடத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த கலிபோர்னியா ராஜ்யத்தின் சிறிய ஆரம்பப் பாடசாலை வட்டாரங்களை எடுத்துக்கொள்வோம்.

1. வட்டாரம் என்பது யாது?

அந்நாட்டில் பாடசாலை வட்டாரம் என்பது நகரசபையினின்றும் கவுண்டி சபையினின்றும் வேறான ஒரு தனி ஸ்தல ஸ்தாபனம். கவுண்டி என்பது நமது ஜில்லாவை ஒத்த பிரிவு; கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள் உள்ளன. வட்டாரத்திற்கு வரையறுத்த எல்லையும், தேர்ந்தெடுக்கப்பட்ட சபையும், சொந்தச் சொத்தும், தனி வரவு செலவுத் திட்டமும் உண்டு. சில வட்டாரங்கள் எல்லா வகுப்புகளையும் நடத்தும். சில உயர்தர வகுப்புகளை மட்டும் நடத்தும். ஆரம்ப வட்டாரங்களோ எட்டாம் வகுப்பு வரையில் நடத்திப் பிள்ளைகளை அப்பால் உயர்தர வட்டாரத்திற்கு அனுப்புவது வழக்கம். இவ்வகை ஆரம்ப வட்டாரங்கள் ஏறத்தாழ 500 உள்ளன. வடபுறத்தில் மலையும் காடும் நிறைந்த ட்ரினிட்டி, ஹம்போல்ட், ஸிஸ்கியூ முதலிய கவுண்டிகளில், ஒரே ஒரு பாடசாலையை மாத்திரம் உடைய வட்டாரங்கள் பலவற்றைக் காணலாம்.

2. நிர்வாக சபை

வட்டாரத்தின் அதிகாரம் டிரஸ்டிகள் சபையிடம் உள்ளது. சாதாரண ஆரம்ப வட்டாரத்தில் சபை மூவரைக் கொண்டது. தினசரிச் சராசரி வருகை 300 அல்லது அதற்கு மேற்பட்டால் ஐவராகும். வட்டாரத்தில் வசிக்கும் வாக்காளர்களே இவர்களைத் தெரிந்தெடுக்கின்றனர். பதவிக் காலம் 4 வருஷம். சிறிய ஊர்களில் போட்டியிட ஆள் கிடைப்பது அரிது. ஸ்தானங்களின் தொகைக்கு மேல் அபேக்ஷகர்கள் இல்லாவிடின் தேர்தல் நடவாது; மனுச் செய்தவர்களே பதவி ஏற்பர்.

சபையின் கடமைகள் நமது சங்க நிர்வாகிகளுக்குப் பழக்கமானவையே: வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுதல், உபாத்தியாயர்களை நியமித்தல், சம்பள ஒப்பந்தத்தை ஏற்றல், கட்டிடங்களைப் பேணுதல், விதிகளை இயற்றுதல். அன்றாட வேலையைச் செய்பவர் சம்பளம் பெறும் சூப்பரின்டெண்டெண்டு. சிறு வட்டாரங்கள் பலவற்றில் இவரே தலைமை உபாத்தியாயருமாவார். சிலவற்றில் வகுப்பும் நடத்துவார்.

சபைக்கு இரண்டு கட்டுப்பாடுகள் முக்கியமானவை. முதலாவது, 1953-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்ட பிரவுன் சட்டத்தின்படி கூட்டங்கள் பகிரங்கமாக நடைபெற வேண்டும். சாதாரணக் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பை 72 மணி நேரத்திற்கு முன்பே யாவரும் காணுமிடத்தில் ஒட்டுதல் வேண்டும். வந்திருப்போர் தம் கருத்தைச் சொல்ல இடமளித்தல் வேண்டும். இரண்டாவது, வட்டாரம் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் டிரஸ்டி ஒருவர் சொந்த லாபம் பெறலாகாது. எல்லோரும் எல்லோருக்கும் உறவும் அண்டையுமாயிருக்கும் சிற்றூரில் இவ்விதியைக் காப்பது எவ்வளவு கடினமோ, அவ்வளவு அவசியமுமாம்.

3. பணம் வரும் வழி

முற்காலத்தில் பாடசாலைச் செலவின் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்து வரியினின்றே வந்தது. இதன் விளைவு அநியாயமாயிருந்தது. 1968–69-இல் செல்வர் வாழும் பெவர்லி ஹில்ஸ் வட்டாரம் ஒரு மாணாக்கனுக்கு 1,231 டாலருக்கு மேல் செலவிட்டது. பால்ட்வின் பார்க் என்னும் எளிய வட்டாரத்தால் 577 டாலரே செலவிட முடிந்தது. எனினும் 100 டாலர் மதிப்புக்கு முன்னது விதித்த வரி 2.38 டாலர், பின்னது விதித்தது 5.48 டாலர். ஏழை ஊரார் இரு மடங்குக்கு மேல் வரி கொடுத்துப் பாதிக்கும் குறைவான பலனையே பெற்றனர். செரானோ வழக்கு எனப்படும் வழக்கில் 1971-இல் ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் இத்தகைய முறை சமத்துவத்திற்கு விரோதம் என்று கூறிற்று.

பின்னர் 1978-இல் ஜனங்கள் வாக்களித்து 13-ஆவது பிரேரணையை நிறைவேற்றினர். அதன்படி சொத்து வரி, மதிப்பில் நூற்றுக்கு 1 வீதத்திற்கு மேற்படலாகாது. சொத்து கைமாறாத வரையில் மதிப்பும் வருஷத்துக்கு நூற்றுக்கு 2-க்கு மேல் உயரலாகாது. ஆகவே தன் வரி விகிதத்தைத் தானே உயர்த்திக்கொள்ளும் சக்தி வட்டாரத்திற்கு இல்லாது போயிற்று. ராஜ்ய சர்க்காரின் கையே ஓங்கியது.

2013-இல் ஏற்பட்ட பங்கீட்டு முறையில், வருகைக்குத் தக்கபடி ஒவ்வொரு மாணாக்கனுக்கும் வகுப்பை ஒட்டி ஓர் அடிப்படைத் தொகை கணக்கிடப்படுகிறது. வறுமைப்பட்ட பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள், வளர்ப்புப் பாதுகாப்பிலுள்ள பிள்ளைகள் ஆகியோருக்கு அத்தொகையில் நூற்றுக்கு 20 கூடுதலாகும். இத்தகையோர் மொத்தத்தில் நூற்றுக்கு 55-க்கு மேற்பட்டால் இன்னும் ஓர் உதவி உண்டு. இவ்வாறு கண்ட மொத்தத்தில் உள்ளூர்ச் சொத்து வரியைக் கழித்து, மீதியை ராஜ்யம் கொடுக்கிறது.

கணக்குக்காக ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு வட்டாரத்தின் உரிமைத் தொகை 4,00,000 டாலர். சொத்து வரி 1,50,000 டாலர் எனில், ராஜ்யம் தருவது 2,50,000. மறுவருஷம் சொத்து வரி 1,70,000 ஆக உயர்ந்தால் ராஜ்யம் தருவது 2,30,000 ஆகக் குறையும், மொத்தம் மாறாது. சொத்து வரி உரிமைத் தொகையையே தாண்டும் சில வட்டாரங்கள் மட்டும் அம்மிகுதியைத் தாமே வைத்துக்கொள்ளலாம்.

கட்டிடத்திற்குக் கடன் பத்திரம் வெளியிட, 2000-ஆம் வருஷத்துப் பிரேரணையின்படி நூற்றுக்கு 55 வாக்குகள் போதும். அப்பணத்தைச் சம்பளத்திற்குச் செலவிடலாகாது. மேற்பார்க்க ஊரார் கமிட்டி ஒன்றும் வேண்டும். மனைகளின்மீது விசேஷ வரி விதிக்கவோ மூன்றில் இரண்டு பங்கு வாக்கு அவசியம்.

காட்டுப் பிரதேசங்களுக்கு இன்னொரு வரும்படி உண்டு. சமஷ்டி சர்க்காரின் காடுகளுக்கு வரி விதிக்க முடியாதாகையால், 1908-ஆம் வருஷத்துச் சட்டம் அக்காடுகளின் வருமானத்தில் நாலில் ஒரு பங்கைப் பாடசாலைகளுக்கும் சாலைகளுக்கும் ஒதுக்கிற்று. 1990-க்குப் பின் மரம் வெட்டுதல் வெகுவாகக் குறைந்து இப்பங்கும் சுருங்கவே, ஈடு செய்ய 2000-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

4. வருகையே வருமானம்

பதிவேட்டில் எத்தனை பெயர் என்பதை ராஜ்யம் பார்ப்பதில்லை. தினசரிச் சராசரி வருகையையே பார்க்கிறது. 30 பிள்ளைகள் உள்ள பாடசாலை 180 நாள் நடந்து, ஒவ்வொரு பிள்ளையும் 9 நாள் வராதிருந்தால், வருகை நாட்கள் 5,130. அதை 180-ஆல் வகுக்கச் சராசரி 28.5. ஒன்றரைப் பிள்ளையின் பணம் குறைந்துபோயிற்று. உபாத்தியாயர் சம்பளமோ, அறையைச் சூடேற்றும் செலவோ ஒன்றரைப் பிள்ளையளவு குறைவதில்லை. நோயினால் வராத நாளும் 1998 முதல் கணக்கில் சேர்வதில்லை. ஒரு குடும்பம் வேலை தேடி ஊரை விட்டுப் பெயர்ந்தால், அதனோடு மூன்று நான்கு பிள்ளைகளின் தொகையும் போகும். இவ்வதிர்ச்சியைத் தணிக்கும்பொருட்டு, நடப்பு வருஷம், முந்தின வருஷம், முந்தின மூன்று வருஷங்களின் சராசரி ஆகியவற்றுள் எது அதிகமோ அதனையே கொள்ளும்படி 2022–23 முதல் ஏற்பாடு செய்யப்பட்டது.

5. இன்றியமையாத சிறு பாடசாலை

தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால், பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள மலைப் பாடசாலை ஓர் உபாத்தியாயரையும் வைத்துக்கொள்ள இயலாது. ஆதலின் ‘இன்றியமையாத சிறு பாடசாலை’ என்னும் பிரிவு சட்டத்தில் உள்ளது. வட்டாரத்தின் சராசரி வருகை 2,501-க்குக் குறைவாகவும், அப்பாடசாலையின் வருகை 97-க்குக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். தூர நிபந்தனையும் பொருந்துதல் வேண்டும். உதாரணமாக, இப்பாடசாலை இல்லையேல் 5 பிள்ளைகளேனும் அடுத்த பாடசாலைக்கு 10 மைலுக்கு மேல், அல்லது 15 பிள்ளைகளேனும் 5 மைலுக்கு மேல் செல்ல நேரிடுமாயின் அது பொருந்தும்.

இப்பிரிவில் பணம் படிப்படியாக வருகிறது. வருகை 24 வரையில் ஓர் உபாத்தியாயருக்குரிய தொகை. 25 முதல் 48 வரையில் இருவருக்கு. 72 வரையில் மூவருக்கு. 96 வரையில் நால்வருக்கு. வருகையின்படி வரும் படி, வேலையிலுள்ள முழுநேர உபாத்தியாயர் தொகை என்னும் இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். ஆகவே இருவரை வைத்துள்ள பாடசாலையில் வருகை 25-இலிருந்து 24 ஆனால், ஒரு பிள்ளைக்காக ஓர் உபாத்தியாயரின் தொகை முழுவதும் போய்விடும்.

சபையின் பெருங் கஷ்டம் காலத்தைப் பற்றியது. வேலையினின்று விலக்க நேருமாயின், உபாத்தியாயருக்கு மார்ச்சு 15-க்குள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ராஜ்யத்தின் வரவு செலவுத் திட்டம் சட்டசபையில் நிறைவேற வேண்டிய கெடுவோ ஜூன் 15. வருமானம் தெரியுமுன்னரே ஒருவருடைய ஜீவனத்தைப் பற்றித் தீர்மானிக்கும் நிலை ஏற்படுகிறது.

6. கணக்கும் மேற்பார்வையும்

வருஷம் ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்குள் ஊராரைக் கேட்டு வரவு செலவுத் திட்டத்தைச் சபை நிறைவேற்றிக் கவுண்டி சூப்பரின்டெண்டெண்டுக்கு அனுப்ப வேண்டும். அக்டோபர் 31, ஜனவரி 31 ஆகிய தேதிகளிலுள்ள நிலையைக் காட்டி இரு இடைக்கால அறிக்கைகள் தயாராகும். கடமைகளைச் செலுத்த வழியுண்டு, சந்தேகம், வழியில்லை என்னும் மூன்றில் ஒன்றைச் சபையே சான்று சொல்ல வேண்டும். 1991-ஆம் வருஷத்துச் சட்டம் இம்மேற்பார்வையைப் பலப்படுத்திற்று. நிலைமை மோசமானால் கவுண்டி அதிகாரி சபையின் தீர்மானத்தை நிறுத்தவும் கூடும். வட்டாரப் பணம் கவுண்டிப் பொக்கிஷத்தில் இருக்கும். வருகை 300 வரையிலுள்ள வட்டாரம் செலவில் நூற்றுக்கு 5 பங்கையேனும், அல்லது குறிப்பிட்ட ஒரு தொகையையேனும், இரண்டில் எது அதிகமோ அதனைச் சேமநிதியாக வைத்தல் வேண்டும். சுயேச்சையான தணிக்கையாளர் வருஷந்தோறும் கணக்கைச் சோதிப்பார்.

7. வட்டாரம் மறைவது எப்பொழுது?

ஆரம்ப வட்டாரத்தில் 1 முதல் 8 வரையிலுள்ள வகுப்புகளின் சராசரி வருகை 6-க்குக் குறைந்தால், சட்டப்படி அவ்வட்டாரம் அற்றுப்போகும். அதன் நிலப்பரப்பு அண்டை வட்டாரத்துடன் சேர்க்கப்படும். சபை எழுத்து மூலம் வேண்டிக்கொண்டு, கவுண்டி சூப்பரின்டெண்டெண்டும் இசைந்தால், ஒரு வருஷத் தவணை கிடைக்கும். அத்தவணைக்குள் இளங் குடும்பம் ஒன்று ஊரில் குடியேறினால் வட்டாரம் பிழைக்கக்கூடும். பாடசாலை மூடப்பட்டாலோ, மலைப் பாதையில் வெகுதூரம் பிரயாணம் செய்ய வேண்டியவர்கள் ஆறு ஏழு வயதுக் குழந்தைகள்.

சேர்ப்பதால் நிர்வாகச் செலவு மிச்சமாகும் என்பர் ஒரு சாரார், உண்மையே. எனினும் சிறு வட்டாரத்தின் சுமையை வேறு வழியிலும் குறைக்கலாம் என்பதை அந்நாட்டார் கண்டுள்ளனர். வருகை 901-க்குக் குறைவான ஆரம்ப வட்டாரங்களுக்குக் கவுண்டி அலுவலகமே சில உதவிகளைச் செய்ய ஏற்பாடு உண்டு. தனித்தனியே தாங்க முடியாத செலவைப் பலர் கூடித் தாங்குவதென்பது ஐக்கிய இயக்கத்தாருக்குப் புதியதன்று.

ஆலோசனைக்குரிய வினாக்கள்

1. உள்ளூர் வரியை மட்டும் நம்பும் முறையில் ஏழைக் கிராமத்திற்கு நேரும் தீங்கு யாது?
2. 40 பிள்ளைகள் 180 நாளில் தலைக்கு 18 நாள் வராதிருந்தால் சராசரி வருகை எவ்வளவு?
3. பணம் மேலிடத்திலிருந்து வரும்போது உள்ளூர்ச் சபைக்கு எஞ்சும் பொறுப்புகள் எவை?
4. நமது சங்கத்தின் கூட்ட அறிவிப்பு, சேமநிதி, தணிக்கை ஆகியவற்றை மேற்கூறிய விதிகளோடு ஒப்பிடுக.